வெங்காயத்தில் இறங்கிய சைக்கிள்

“…சொன்னது சொன்னதுதான்னு ஊரே கேட்டிருக்குது. இப்ப என்னைய என்ன பண்ணச் சொல்ற அம்மிணி?” என்றார் என் மாமனார்.

என் முகத்தைப் பார்த்து அவர் கேட்கவில்லை. வாசலில் சுவரோரம் சாய்த்திருந்த சைக்கிளின் பின் சக்கரத்தைப் பார்த்துக் கேட்டார். நான் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து, முழங்காலில் அப்பியிருந்த ஜல்லிப் பொடியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வெயில் சாய்கிற நேரம். மறுநாள் காலை எட்டு மணிக்குள் எட்டு மைல் தள்ளியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் இன்னொருத்திக்கு. அந்த எட்டு மைலை அந்தச் சைக்கிள் இல்லாமல் கடக்க முடியாது. அந்தச் சைக்கிளை நான் தொடலாமா கூடாதா என்பது அவர் வாயில் இருந்தது.

அவர் அடுத்து என்ன செய்தார் என்பதைச் சொல்வதற்கு முன்னால், சைக்கிள் விட்டத்திலிருந்து இறங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் ருசிக்காது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், ஆற்றோரம் எங்கள் ஊர். நான் பள்ளிபாளையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுக்காரர் ரிக் வண்டியில் வேலை. வருஷத்தில் எட்டு மாதம் வடக்கே எங்கேயாவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். கடிதம் வரும். ‘நலம். இங்கே முன்னூறு அடியில் தண்ணீர் வந்தது’ என்று இருக்கும். அடுத்த கடிதத்தில் நலம் அப்படியே இருக்கும், அடி மட்டும் மாறியிருக்கும். வீட்டில் நானும் மாமனாரும்தான். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்களுக்கு அப்போது குழந்தையும் இல்லை.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பெருக்கின வாசலையே மறுபடி பெருக்குவேன். காய்ந்த துணியை எடுத்து மடித்துவிட்டு, மடிப்புச் சரியில்லை என்று உதறி இன்னொரு தடவை மடிப்பேன். சாலையில் பஸ் ஹாரன் கேட்டால் எழுந்து நிற்பேன். அந்தப் பஸ்ஸில் எனக்காக யாரும் வரப்போவதில்லை என்று நன்றாகத் தெரியும். தெரிந்தே எழுந்து நிற்பேன். எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் கேட்டேவிட்டார்: “ஏம்புள்ள, உங்கூட்டுத் தரையில நெருப்பக் கொட்டி வெச்சிருக்குதா? குந்துனாத் தீஞ்சா போயிருவ?”

அந்தச் சமயத்தில்தான் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் சத்துணவுக் கூடங்கள் புதிதாக வந்தன. சமையலையும் சாமான்களையும் கவனித்துக்கொள்ளப் படித்த பெண்கள் வேண்டும் என்றார்கள். நான் பத்தாவது தேறியவள். யாரிடமும் கேட்காமல் மனுப் போட்டேன். வீட்டுக்காரருக்கு எழுதினேன், பதில் வருவதற்குள் அவர் இரண்டு ஊர் மாறியிருப்பார். மாமனாரிடம் மட்டும், ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பிய பிறகு சொன்னேன். “போயி என்னன்னு கேட்டுப்போட்டு வா” என்றார். அதற்கு மேல் இல்லை, அதற்குக் கீழும் இல்லை.

அலுவலகத்தில் இருந்த அம்மா காகிதத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “உங்க ஊர்ல எடம் இல்லீங்க. கரட்டுக்கு அக்கட்டால இருக்கற பள்ளிக்கூடத்துல ஒண்ணு இருக்குது. இன்னிக்கி மூணாவது வாரம் திங்கக்கெழம தொடங்கறோம். எட்டு மணிக்கு அடுப்புப் பத்தோணும். நூறு புள்ளைக சாப்பிடோணுமுல்ல? எட்டுக்கு நீங்க அங்க இல்லீன்னா, அடுத்த பேரு அந்த ஊருப் பொண்ணோடது. அப்பறம் என்னையக் கேக்கக் கூடாது.”

“வந்துருவனுங்க” என்றேன். எப்படி வருவேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

யோசித்தது பஸ்ஸில் திரும்பும்போதுதான். அந்தப் பக்கம் போகிற முதல் பஸ்ஸே ஒன்பதரைக்கு. நடந்தால் மூன்று மணி நேரம். பால் கறந்து, சமைத்து வைத்துவிட்டு ஆறே முக்காலுக்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. சைக்கிள் ஓட்ட எனக்குத் தெரியும். பள்ளிபாளையத்தில் அப்பாவின் விசைத்தறிக் கூடத்துக்கு வாடகை சைக்கிளில் நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு போனவள் நான். ஆனால் நடுவில் கரட்டு மேடு இருக்கிறது. பெயர்தான் மேடு, முழுசாக ஒரு பாறைக் குன்று. கரட்டின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு மைலுக்கு ஏறுகிற சாலை. பால்காரர்களே அங்கே இறங்கித் தள்ளுவார்கள். “கரடு வரைக்கும் நாம சைக்கிள் மேல, கரடு வந்துட்டா சைக்கிள் நம்ம மேல” என்பார்கள் எங்கள் ஊரில். அந்த ஒரு மைலைத் தள்ளிக்கொண்டு ஏறினால் எட்டரைக்குத்தான் போய்ச் சேர முடியும்.

அப்போதுதான் மாட்டுக்கொட்டகை விட்டத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த சைக்கிள் ஞாபகம் வந்தது. அதற்கு மூன்று கியர்.

அதன் கதையை ஊரில் எனக்குச் சொல்லாத ஆள் கிடையாது. மாமனார் இளவயதில் சேலத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். அங்கே இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் நாட்டுக்குத் திரும்பும்போது, தன் மனைவி ஓட்டிய சைக்கிளை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். நடுவில் பார் இல்லாமல், கழுத்து வளைந்த பெண்கள் சைக்கிள். பின் சக்கரத்தின் நடுவில், சொம்பு அளவுக்குப் புடைத்த இரும்புக் குடத்துக்குள்ளே கியர். கைப்பிடியில் கட்டை விரலால் தட்டுகிற சின்ன விசை. மாமனார் அதில் எட்டு வருஷம் ராஜாவாட்டம் போய்வந்தார். “பொம்பளச் சைக்கிள்ல போறானப்பா” என்றவர்களுக்கு, “பாரு இல்லீன்னா வேட்டி மாட்டாதுடா, தெரியாதவனே” என்று பதில் வைத்திருந்தார்.

பிறகு ஒரு சந்தை நாள். கூட்டத்துக்கு நடுவே, எல்லாரும் பார்க்கட்டும் என்று இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குத் தட்டினார். பெடல் காற்றில் போனது. கால் பிடி கிடைக்காமல் நழுவ, ஆளும் சைக்கிளும் சின்ன வெங்காயக் குவியலுக்குள் போய்விட்டார்கள். வெங்காயம் விற்ற அம்மா, “ஏனுங்க, வேணுமுன்னாக் கேட்டாக் குடுக்க மாட்டனா?” என்று கேட்டதாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பேர், ‘மூணுல ஏறி வெங்காயத்துல எறங்குனவரு’. சைக்கிள் விட்டத்துக்குப் போயிற்று. பதினைந்து வருஷமாகியும் இறங்கவில்லை. அந்தப் பேரும் போகவில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும், அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது கேட்டேன். கலக்கின கை நின்றது.

“அது ஆள உழுவ வெக்கும் அம்மிணி. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவால ஒரு குழி இருக்குது. கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத்தான் தெரியும்.”

“சரி பண்ணிக்கறனுங்க மாமா.”

“யாரு, நீயா?”

“நாந்தானுங்க.”

சிரிக்கவில்லை. கையிலிருந்த தவிட்டை உதறினார். “எறக்கிக்க. என்ன பண்ணுவியோ பண்ணிக்க. ஒருக்கா உழுந்தீன்னா அது மறுபடி விட்டத்துக்குப் போயிரும். அப்பறம் வேலையுமில்ல ஒண்ணுமில்ல, ஊட்டுல இரு. இந்த ஊட்டுல இருந்து ரெண்டாவது ஆளு வெங்காயத்துல உழுவ வேண்டாம்.”

எதிர்வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டார். அக்கா கேட்டால் ஊர் கேட்ட மாதிரி.

சைக்கிள் இறங்கியது. கோழி எச்சமும் ஒட்டடையுமாக, பார்க்கச் சகிக்கவில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தேன். செங்கல் பொடியும் தேங்காய் நாரும் போட்டுத் துருவைக் கிளப்பினேன். கைகள் இரண்டும் செக்கச் செவேல் என்று ஆகி, பிசைந்த சோறே துரு வாசம் அடித்தது. டயர் அளவு நல்லவேளையாக நம் ஊர் அளவுதான். பிரேக்குக்கு ரப்பர் கிடைக்கவில்லை, செருப்புத் தைப்பவர் பழைய லாரி டயரில் நான்கு துண்டு அறுத்துக் கொடுத்தார். எங்கள் பக்கம் லாரி டயரில் ஆகாத சாமான் கிடையாது.

வாடகை சைக்கிள் கடைக்காரரிடம் பின் சக்கரத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அச்சைச் சுற்றிப் பார்த்தார், காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். “அக்கா, இதுக்குள்ள கடியாரம் வெச்சிருக்கறானுங்க. எனக்கு மணி பாக்கத் தெரியாதுங்க” என்றார். உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாச் சக்கரம் மாட்டித் தருவதாகச் சொன்னார். “சாதாச் சக்கரமின்னாக் கரடு ஏறாதுங்களே” என்றேன். “கரட்டுல எதுக்குங்க்கா ஏறறீங்க, சுத்திப் போங்க” என்றார். சுற்றிப் போனால் பதினைந்து மைல். ஆனால் நல்ல மனுஷர். கியருக்கு வேண்டிய வயர் எங்குமே இல்லை என்றதும், மொபெட்டின் பிரேக் வயர் ஒன்றை நறுக்கி, முனையில் ஈயக் குண்டு உருக்கி வைத்துக் கொடுத்தார்.

குடத்தை நானே திறந்தேன். அன்று எனக்கு வியர்த்த வியர்வை இன்றும் ஞாபகம் இருக்கிறது. உள்ளே ஒரு பெரிய பல் சக்கரம் நடுவில் நிற்க, நான்கு குட்டிப் பல் சக்கரங்கள் அதைச் சுற்றி வருகின்றன. பல்லைப் பிடித்து இழுக்கிற கொக்கிகள், நகத்தளவு. அந்தக் கொக்கிகளைத் தூக்கி நிறுத்த, முடி மாதிரி ஸ்பிரிங்குகள். ஒன்று மாறினாலும் சேர்க்க முடியாது. எனக்குத் தெரிந்தது தறி வேலை. தறியில் இழை கலையாமல் இருக்க, வரிசைக்கு ஒரு கயிறு கோத்து வைப்போம். அதே மாதிரி ஒரு பாவு நூலை எடுத்து, கழற்றக் கழற்ற ஒவ்வொன்றாகக் கோத்தேன். முதலில் கழன்றது நூலின் அடியில், கடைசியில் கழன்றது மேலே. கோக்க முடியாத கொக்கிகளை நூலோடு முடிந்து வைத்தேன். மாமனார் கொட்டகையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை மட்டும், “என்ன, தாலி கோக்கறியா?” என்று கேட்டார். முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினேன். பிறகுதான் அந்தத் தப்பைச் செய்தேன். எங்கள் வீட்டுக்காரர் எதற்கும் சொல்வது ஒன்றே ஒன்று: “ஒரு கை கிரீஸ் அப்பு.” கதவுக் கீல் கிறீச்சிட்டால் கிரீஸ், கிணற்று உருளைக்குக் கிரீஸ், வண்டிச் சக்கரத்துக்குக் கிரீஸ். ரிக்கும் லாரியும் ஓடுகிற சீமையில் எல்லார் வீட்டிலும் உப்பு இல்லாவிட்டாலும் ஒரு டப்பாக் கிரீஸ் இருக்கும். கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். அந்தக் குடத்துக்குள் இட்லி மாவு ஊற்றுகிற மாதிரி, இடமே இல்லாமல் கிரீஸை அப்பினேன். நூலிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, உருவிய வரிசையிலேயே சேர்த்து மூடினேன். ஒரு சாமான்கூட மிஞ்சவில்லை. அந்தப் பெருமை எனக்கு இரண்டு நாள் இருந்தது.

ஓட்டிப் பார்த்தது முதலில் நெற்களத்தில். வட்டமாகச் சுற்ற வேண்டும், சுற்றிக்கொண்டே விசையைத் தட்ட வேண்டும். ஒன்று பிடித்தது. இரண்டு பிடித்தது. மூன்றுக்குத் தட்டினேன், மாமனார் சொன்ன குழி காலுக்குத் தெரிந்தது. பெடல் சட்டென்று கனமே இல்லாமல் கீழே போக, பார் இல்லாத சைக்கிள் ஆனதால் இரண்டு காலையும் தரையில் ஊன்றிவிட்டேன். களத்தில் நெல் காய வைத்திருந்த பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

“இது உழுந்த கணக்காடி?” என்றாள் ஒருத்தி.

“கால ஊனிட்டாள்ல? ஊனுனா உழுந்ததுல சேராது.”

“அவ மாமனாரக் கேக்கோணும். அவருக்குத்தான் அனுபவம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கியர் வயரின் நுனியில் ஒரு குட்டிச் சங்கிலி. அது அச்சின் ஓட்டைக்குள் நுழைந்து உள்ளே இருக்கிற கம்பியை இழுக்கிறது. வயர் தளர்ந்தாலும் குழி, இறுகினாலும் குழி. எவ்வளவு இறுக்குவது என்று சொல்ல ஆளில்லை. வயரோடு இருக்கிற திருகாணியை ஒரு சுற்றுத் திருகுவேன், களத்தை ஒரு வட்டம் அடிப்பேன். இறங்கி அரைச் சுற்றுத் தளர்த்துவேன், இன்னொரு வட்டம். அப்படி நான்கு நாள். சமையலை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு வட்டம் போய்வருவேன். தூங்கப் படுத்தால் கட்டை விரல் தானாக விசையைத் தட்டும். “பொரிகடலை வறுக்கறவளாட்டம் சுத்திக்கிட்டே இருக்கறாளே, தலை சுத்தாதா இவளுக்கு?” என்று களத்துப் பெண்கள் ஓய்ந்துபோனார்கள். ஐந்தாம் நாள், இரண்டிலிருந்து மூன்றுக்குக் குழி இல்லாமல் போயிற்று. திரும்ப மூன்றிலிருந்து இரண்டு. மறுபடி மூன்று. திருகு நின்ற இடத்தில் சிவப்பு நகப் பூச்சால் ஒரு கோடு இழுத்து வைத்தேன்.

திங்களுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்த ஞாயிறன்று சாலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். இரண்டு மைல் பறந்தேன் என்றே சொல்ல வேண்டும். மூன்றாவது மைல் தொடங்கினது, கரடு தெரிந்தது, வெயில் ஏறியது. திடீரென்று பெடல் பிடிப்பே இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது. மூன்றில் மட்டும் என்றால் குழி என்று நினைக்கலாம். இரண்டிலும் அப்படித்தான், ஒன்றிலும் அப்படித்தான். முன்னால் மிதித்தாலும் சுற்றும், பின்னால் மிதித்தாலும் சுற்றும். சைக்கிள் மெல்ல நின்றது. இறங்கினேன், விழவில்லை. தள்ளிக்கொண்டு திரும்பும்போது ஒன்பதரைப் பஸ் எதிரில் வந்தது. ஜன்னலிலிருந்து ஒரு குரல்: “ஏனுங்க, தள்ளறதுக்கு எதுக்குங்க மூணு கியரு?”

வீட்டுக்கு வந்தேன். மாமனார் ஏற இறங்கப் பார்த்தார். சேலையில் மண் இருக்கிறதா என்று பார்த்தார் என்று பிறகு புரிந்தது. “அதுவா நின்னுக்கிச்சா?” என்றார். “ஆமாங்க.” “ம்” என்று போய்விட்டார்.

அன்றெல்லாம் வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்தேன். மறுநாளும் நடந்தேன். மூன்றாம் நாள் மறுபடியும் நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து குடத்தைத் திறந்தேன். அந்த நகத்தளவுக் கொக்கிகள் கிரீஸில் படுத்துக் கிடந்தன, பாகில் விழுந்த எறும்பு மாதிரி. முடி போன்ற ஸ்பிரிங்குகளால் அவற்றைத் தூக்க முடியவில்லை. தூக்கினால்தானே பல்லைப் பிடிக்கும்? லாரியின் அச்சுக்குப் போடுகிறதை இதற்குப் போட்டிருக்கிறேன். எனக்கு என் மீதே கோபம் வந்தது. ஏனென்றால் எனக்குத் தெரியும். தறிக்கூடத்தில் அப்பா கிரீஸ் டப்பாவைக் கதவுக்கு இந்தப் பக்கம் வரவிட மாட்டார். “வேகமா ஓடற சின்னச் சாமானுக்குத் தண்ணியாட்டம் எண்ணெ, துளி துளியா” என்பார். பிறந்த வீட்டில் கேட்டதைப் புகுந்த வீட்டில் மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை பஸ் பிடித்துப் பள்ளிபாளையம் போனேன். தறிக்கு ஊற்றுகிற மெல்லிய எண்ணெயை ஒரு மருந்துப் பாட்டிலில் நிரப்பிக்கொண்டேன். அம்மா இலை போட்டுவிட்டாள். அடுத்த பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டேன். “எண்ணெய்க்கு வந்தவளா நீயி? நானென்னமோ எம்புள்ள வந்திருக்கறாளேன்னு கோழியப் புடிக்கச் சொல்லீட்டேன்” என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தாள்.

கொக்கிகளைக் கழுவித் துடைத்து, கோழி இறகால் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி வைத்தேன். மூடினேன். சக்கரத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றியதும் குடத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது: டிக், டிக், டிக். கிரீஸில் இருந்தபோது அந்தச் சத்தமே இல்லை. சத்தம் வர வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாமனார் வாளியோடு திரும்பிப் பார்த்தார்.

“ரெண்டுல இருக்குதா?”

“ஆமாங்க மாமா.”

“ஒண்ணுக்குப் போட்டாச் சத்தம் நின்னுரும், பாரு.”

போட்டேன். நின்றது. அவர் வாளியை வைத்துவிட்டு வெளியே வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. மாடு தண்ணீரைக் குடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

வெள்ளியும் சனியும் பக்கத்தில் ஒரு கல்யாண வேலை, தலை நிமிர முடியவில்லை. ஆக, கடைசி ஓட்டம் ஞாயிறு, மதியச் சோறு உண்டதும். மறுநாள் போவது போலவே போக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். கேரியரில் பை, இடுப்பில் செருகிய முந்தானை, கையில் என் கல்யாணத்துக்குப் போட்ட கடிகாரம். சமவெளி வரைக்கும் மூன்று. காதுக்குப் பின்னால் டிக் டிக் டிக் என்று யாரோ பேசிக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது. கரடு தொடங்கியதும் இரண்டு. பிறகு ஒன்று. சத்தம் நின்றது. முன்னால் பால்காரர் ஒருவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். நான் அவரைத் தாண்டினேன், நடந்து போகிறவரைத் தாண்டுகிற வேகத்தில்தான். “எறங்குங்க்கா, நெஞ்சு அடச்சுக்கும்!” என்று கத்தினார். “அடைக்கலீங்க!” என்று கத்திவிட்டு, பேச்சுக்குச் செலவழித்த மூச்சைத் திரும்பப் பிடிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேட்டின் உச்சியில் கால் ஊன்றாமல் போய் நின்றேன். பள்ளிக்கூட வாசலில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி பத்து நிமிஷம். ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் எட்டுக்குள் அடுப்புக்கு முன்னால் நிற்பேன். பூட்டியிருந்த கூடத்தின் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினேன்.

திரும்பும்போதுதான் அது நடந்தது. கரட்டு இறக்கம். சாலை போடுவதற்காக ஒரு பக்கம் ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஏறும்போது நான் அந்தப் பக்கம் வரவில்லை. இறங்கும்போது அது என் பக்கம். குவியல் சரிந்து, தார் மீதெல்லாம் ஜல்லி பரவியிருந்தது. லாரி டயர் பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய்ச் சாய்ந்தது, நான் அதற்கு அடியில். இதை ஊன்றியது என்று சொல்ல முடியாது. எந்த ஊர்ப் பெண்ணும் சொல்ல மாட்டாள்.

முழங்கால் கிழிந்திருந்தது, சேலையும் கிழிந்திருந்தது. கைப்பிடி கோணியிருந்தது, சக்கரத்தைக் காலிடுக்கில் பிடித்துத் திருப்பி நேராக்கினேன். மீதிச் சாலையை ஓட்டிக்கொண்டே வந்தேன். ஓட்டும்போது யோசித்ததெல்லாம், கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடலாமா என்றுதான். வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. என் சேலையைப் பார்த்தார். கிணற்றடி என் வாயில் வரவில்லை.

“உழுந்துட்டனுங்க மாமா.”

அவர் முகம் மாறியது. “மூணுக்குப் போறப்பவா?”

“இல்லீங்க. கியரு ஒண்ணும் பண்ணலீங்க. ஜல்லியில வழுக்கீருச்சு.”

“குழி?”

“இல்லீங்க மாமா. போறப்பவும் இல்ல, வாரப்பவும் இல்ல.”

“நெசமா வழுக்கலையா கியரு?”

“நெசமாலுமுங்க. கரட்டுல எறங்காம ஏறிட்டேன்.”

அவர் குனிந்து பின் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். டிக் டிக் என்றது. விசையை இரண்டிலிருந்து மூன்றுக்குத் தட்டினார். பெடலைக் கையால் அழுத்தினார். பிடித்தது. இரண்டு, மூன்று. மறுபடியும் இரண்டு, மூன்று. எத்தனை தடவை தட்டினார் என்று நான் எண்ணவில்லை. எதிர்வீட்டு அக்கா வேலிக்கு வந்து சேர்ந்துவிட்டார். நான் தொட்டிப் பக்கம் போய்க் காலைக் கழுவ உட்கார்ந்தேன்.

“எந்த எடத்துல?” என்றார்.

“எறக்கத்துல, ரெண்டாவது வளைவுல. பாதிச் சாலைக்கு ஜல்லி கெடக்குதுங்க.”

சைக்கிளைச் சுவரோரம் சாய்த்தார். அப்போதுதான், “ஒருக்கா உழுந்தா விட்டத்துக்குன்னு சொன்னவன் நானு…” என்று ஆரம்பித்து, சொன்னது சொன்னதுதான் என்று ஊரே கேட்டிருப்பதையும் சொல்லி, என்னை என்ன பண்ணச் சொல்கிறாய் என்று கேட்டார்.

நான் முழங்காலில் இன்னொரு கை தண்ணீர் ஊற்றினேன். அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவர் கொட்டகைக்குள் போனார். விட்டத்துக் கயிறு அங்கேதான் இருந்தது. உள்ளே எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது அவர் தோளில் மண்வெட்டி இருந்தது, மறு கையில் மண் அள்ளுகிற கூடை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல், கரட்டுச் சாலைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.